அந்த ஒரு கைப்பிடி விதைநெல்

நன்றாக நினைவிருந்த ஒன்றை நினைவில்லை என்று சொன்னேன். அதிகாரி கேட்டார், ஊர் சுற்றி நின்றது, நான் நிமிர்ந்து நின்று அமைதியாகச் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் ஒருவர் தன் தகப்பன் காலத்திலிருந்து உழுது வந்த நிலத்தை இழந்தார். என்னை யாரும் மிரட்டவில்லை. பொய் சொல் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிடுவதுதான் நல்லது. மற்றவற்றை முதலில் சொன்னால் காரணங்கள் வந்து முன்னால் நின்றுகொள்ளும். காரணம் சொல்வதில் எனக்குப் பழக்கம் அதிகம். கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன் நான்.

நான் கற்பித்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஸ்டோயிக் வழி. பழைய கிரேக்கத்திலும் ரோமிலும் வாழ்ந்த சிலர் வகுத்த வழி அது. உலகில் உள்ளவற்றை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். சொத்து, பெயர், உடல்நலம், பிறர் செயல் இவை நம் வசம் இல்லாதவை. நம் எண்ணம், நம் முடிவு, நாம் பேசும் சொல் இவை நம் வசம் உள்ளவை. முதல் வகை போனால் கலங்காதே, இரண்டாம் வகையில் தவறாதே. படிப்பு என்பது இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்வது மட்டுமல்ல, அதன்படி நடக்கப் பழகுவது என்றும் அவர்கள் சொன்னார்கள். இதை நான் அழகாக வகுப்பெடுப்பேன். மாணவர்கள் எனக்கு 'கல்லுச் சாமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதற்கும் முகம் மாறாதவன் என்று பொருள். அந்தப் பெயர் என் காதில் விழுந்தபோது உள்ளூர மகிழ்ந்தேன். ஸ்டோயிக் வழியில் நடப்பவன் அதற்கும் மகிழக் கூடாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊர்களையும் நனைத்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வரும். நான் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அவர் பங்கு நிலம் அக்கா கல்யாணத்தோடு போனது. சித்தப்பாதான் என்னை வளர்த்தார், படிக்க வைத்தார். ஊரின் பெரிய பண்ணை அவருடையது.

சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து ஊரில் நல்லேர் பூட்டுவார்கள். அந்த ஆண்டின் முதல் உழவு அது. கோயிலுக்கு எதிரே உள்ள வயலில் ஊரின் ஏர்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். மாட்டுக் கொம்புகளில் சந்தனம் மணக்கும். ஏர் ஓட்டும் முன் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தாம்பாளம் போகும். அதில் ஒரு பக்கம் வெற்றிலை பாக்கு, இன்னொரு பக்கம் விதைநெல். ஏரின் பின்னால் நிற்பவர் பண்ணையில் கூலிக்கு உழுபவர் என்றால் வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும். தன் பொறுப்பில் சாகுபடி செய்பவர் என்றால் வயலின் பெயரைச் சொல்லி ஒரு கைப்பிடி விதைநெல்லை அவர் துண்டில் போட வேண்டும். குத்தகைக்கு எங்கள் பக்கம் யாரும் எழுதிக்கொடுத்ததில்லை. அறுவடையானதும் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து கொடுப்பார்கள், ரசீது கிடையாது. யார் குத்தகைக்காரர், யார் கூலியாள் என்பதை ஊர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்தச் சித்திரைக் காலையில்தான்.

தாம்பாளம் ஏந்துவது வீட்டின் மூத்த பிள்ளையின் வேலை. சித்தப்பா மகன் என்னைவிட மிகவும் இளையவன் என்பதால் அது என்னிடம் வந்தது. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த நாளுக்கு ஊருக்குப் போவேன்.

வரிசையில் எப்போதும் ஓரத்தில் நிற்பார் அந்தக் குத்தகைக்காரர். தெற்குத் தெருக்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். செவலைக் காளைகள் இரண்டு வைத்திருந்தார்.

"புளியடி வயல்" என்று சொல்லி நெல்லை அள்ளுவேன்.

அவர் துண்டை ஏந்துவார். "நல்லா அள்ளுங்க சின்னய்யா. ஒங்க கை சின்னக் கையி."

"இந்தா புடி. போதும் போ."

அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசினார். நான் அவரை 'நீ' என்றேன். அவர் தெருவில் யாரையும் நாங்கள் வேறு விதமாகப் பேசியதில்லை. அறம் பற்றி நான் படித்த அத்தனை புத்தகங்களில் ஒன்றுகூட அதை எனக்கு உறுத்தலாக்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. சித்தப்பா தோளில் போட்டிருந்த துண்டின் கரை நிறத்தை மாற்றிக்கொண்டார். ஊரில் பலரும் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் வட்டாரத்தில் அது கொதிப்பான காலம். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள். அடிதடி, வழக்கு, பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் எல்லாம் நடந்தன. அந்த நேரத்தில்தான் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பெயர் பதிவாகிவிட்டால் அவரை நிலத்தைவிட்டு எளிதில் இறக்க முடியாது. அதனால் பதிவுக்கு முன்பே குத்தகைக்காரர்களையெல்லாம் கூலியாட்களாக்கிவிடப் பண்ணைகள் முயன்றன. புளியடி வயல் தன் சொந்தச் சாகுபடி, உழுபவர் கூலிக்கு உழுகிறார் என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தார். இல்லை, நானே குத்தகைக்காரன் என்று உழுதவர் மனு போட்டார்.

விசாரணைக்கு முதல் நாள் நான் ஊருக்கு வந்திருந்தேன். மதியச் சாப்பாட்டில் சித்தப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். "ஒன்னக் கூப்புட்டாலும் கூப்புடுவாங்க. எது நெனைவிருக்கோ அதச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். சித்தி என் இலையில் இன்னொரு கரண்டி தயிர் போட்டார். நான் அந்த வீட்டில் எத்தனை காலமாகச் சாப்பிடுகிறேன் என்பதை அந்தத் தயிர் எனக்கு நினைவூட்டியது.

சாப்பிட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நடந்தேன். மனம் கலங்கியது. கலக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், நான்தான் அதைக் கற்பிப்பவன். நிலம் யாருக்குப் போகும் என்பது என் வசம் இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். தீர்ப்பு அதிகாரியின் வசம். நிலம் என்பது வெளிப்பொருள், அது போவதால் மனிதனுக்கு உண்மையான கேடு எதுவும் இல்லை. குத்தகைக்காரர் மனம் திடமானது என்றால் இழப்பைத் தாங்கிக்கொள்வார். இப்படி ஒவ்வொன்றாக அடுக்க அடுக்க மனம் சமமாயிற்று. கரையில் கொக்குகள் நின்றிருந்ததை ரசித்துக்கூடப் பார்த்தேன்.

மறுநாள் சாவடியில் விசாரணை. தாசில்தார் நாற்காலியில் இருந்தார். சித்தப்பாவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். குத்தகைக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒங்கிட்ட ரசீது ஏதாவது இருக்கா?" என்றார் தாசில்தார்.

"காயிதம் ஏதுங்க எங்கிட்ட? சின்னய்யாவக் கேளுங்க. வருசா வருசம் அவங்க கையாலதான் வெதநெல்லு வாங்குறேன். படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டாங்க."

பின்னாலிருந்து சித்தப்பாவின் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் குரல் கொடுத்தார். "வெத்தல வாங்குனத வெதநெல்லுங்கறான்யா! நாளைக்குக் கோயில்ல துன்னூறு வாங்குனேன், கோயிலே எனக்குத்தாம்பான்!" கூட்டம் சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். அவர் நேர்மையானவர் என்று இப்போதும் நினைக்கிறேன். "சொல்லுங்க சார். நல்லேர் அன்னைக்கு இவருக்கு என்ன குடுத்தீங்க? வெதநெல்லா, வெத்தலையா?"

குத்தகைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. கேள்வி கேட்டாகிவிட்டது, இனி பதில் தானாக வந்துவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது.

"நெறைய பேருக்குக் குடுக்கறது வழக்கம். இவருக்கு எதக் குடுத்தேன்னு எனக்கு நெனைவில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

என் குரல் பிசிறவில்லை, கை நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன், பெருமைப்பட்டேன். இந்த வரியை எழுதத்தான் இத்தனை ஆண்டு தயங்கினேன். சொன்ன பொய்யைவிட அந்தப் பெருமைதான் இன்று என்னை அதிகம் கூச வைக்கிறது.

வீடு திரும்பும்போது சித்தப்பா என் தோளைத் தொட்டு, "ஒன்னப் படிக்க வச்சது வீண் போவல" என்றார்.

அன்றைய செயல்களை மாலையில் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது அந்தப் பழைய ஞானிகளின் பயிற்சிகளில் ஒன்று. எங்கே தவறினேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது. நான் அதைத் தவறாமல் செய்து வந்தவன். அன்று மாலையும் செய்தேன். பதற்றத்தை வென்றேன் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். குறை எதுவும் தென்படவில்லை.

மனு தள்ளுபடியானது. அந்தப் போகத்தில் வெளியூர் ஆட்கள் புளியடி வயலை அறுத்தார்கள். குத்தகைக்காரர் செவலைக் காளைகளை விற்றுவிட்டு மனைவி மக்களோடு நாகூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த சித்திரையில் நல்லேருக்குப் போகவில்லை, தேர்வுத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு எந்த ஆண்டும் போகவில்லை. மறக்க முடிந்திருந்தால் போயிருப்பேன்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோது, உடன் வேலை செய்த நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக நாகூர் போனேன். திரும்பும்போது பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"பண்ணை வீட்டு வாத்தியாருதானே?"

அவர்தான். மெலிந்திருந்தார், காதில் முடி வளர்ந்திருந்தது. முன்பெல்லாம் என்னைக் கண்டால் இடுப்புக்குத் துண்டை இறக்குவார். இப்போது எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் இடத்தைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்க. இங்க எல்லாரும் உக்காரலாம்." பிறகு கடைக்காரரிடம், "வாத்தியாருக்கு ஒரு டீ போடு. சக்கர கம்மியா. ஏற்கெனவே ஒடம்புல இனிப்பு ஜாஸ்தியா இருக்கும்" என்றார்.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதாகவும், தான் அவள் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். மனைவி இறந்துவிட்டாராம். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவரே தொடங்கினார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க கோவமாச் சொல்லியிருந்தாலோ, தலையக் குனிஞ்சிகிட்டுச் சொல்லியிருந்தாலோ, சரி, அவங்க சித்தப்பா சொல்லிக் குடுத்ததுன்னு விட்டுருப்பேன். நீங்க அவ்வளவு நிதானமாச் சொன்னீங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வெத்தலதான் வாங்குனமோ, நாமதான் நெல்லுன்னு நெனச்சிகிட்டமோன்னு. எம்பொண்டாட்டியக் கேட்டேன். அவ, 'நீ என்னய்யா லூசா, நாந்தானே அந்த நெல்ல வெதக் கோட்டையில போட்டேன்' அப்படின்னா. இப்ப அவளும் இல்ல. கேக்க ஆளில்ல."

என் பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நான் வசதியாக மறந்திருந்தது எது என்று அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. அந்தத் தத்துவம் என் இழப்பை நான் தாங்குவதற்காகச் சொல்லப்பட்டது. அடுத்தவரின் இழப்பை நான் தாங்கிக்கொள்வதற்காக அல்ல. நிலம் என் வசம் இல்லை என்பது உண்மை. ஆனால் அன்று அதிகாரி கேட்டது நிலத்தை அல்ல, என் சொல்லை. முழுக்க முழுக்க என் வசம் இருந்த ஒன்றை என் வசம் இல்லாதவற்றோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டேன். முதலாண்டு மாணவன் செய்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

"வெதநெல்லுதான். எனக்கு அன்னைக்கே நெனைவிருந்துச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எங்கிட்ட சொல்லி என்ன? எனக்கு வேணும்னா நானே சொல்லிக்குவேன்."

அடுத்த வாரமே தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய சாட்சியத்தைத் திருத்த வேண்டும் என்றேன். எழுத்தர் இளைஞர். "சார், எங்கப்பாவுக்கே அப்பக் கல்யாணம் ஆவல. அந்தக் கட்டெல்லாம் செல்லரிச்சுப் போயிருக்கும்" என்று சிரித்தார். அவர் மேலதிகாரி மரியாதையாக உட்கார வைத்து, இப்போது எதுவும் செய்ய முடியாது என்று விளக்கினார். சித்தப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நிலம் சித்தப்பா மகனிடம் இருந்தது. அவனிடம் போய், புளியடி வயலில் ஒரு பகுதியையாவது அந்தக் குடும்பத்துக்கு விட்டுக்கொடு என்றேன். "அண்ணே, ஒங்க மனசாட்சிக்கு எங்க வயலா கெடச்சுது?" என்றான். எனக்கென்று விட்டுக்கொடுக்க ஒரு வரப்புகூட இல்லை.

மறுபடி நாகூருக்குப் போய் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நெலத்த யாரு கேட்டா? இந்த வயசுல நான் போயி நடவு நடப் போறனா? எந்த ஊருக்கு முன்னால நெனைவில்லன்னு சொன்னீங்களோ, அந்த ஊருல வந்து சொல்லுங்க. அன்னைக்கு சிரிச்சவன்ல பாதிப் பேரு செத்துருப்பான். மிச்சப் பாதிப் பேராவது கேக்கட்டும்."

சித்திரையில் இருவரும் ஒரே பேருந்தில் போனோம். கோயிலுக்கு எதிரே உள்ள வயலில் மாடுகள் இரண்டு ஜோடிதான் நின்றன. மற்றதெல்லாம் டிராக்டர்கள், முன்பக்கத்தில் சந்தனப் பொட்டும் மாலையுமாக. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. சித்தப்பா மகனே தாம்பாளத்தை ஏந்தி வந்தான். என்னைக் கண்டு முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, எத்தன வருசமாச்சு! இந்தாங்க, நீங்களே குடுங்க" என்று தாம்பாளத்தை என்னிடம் நீட்டினான். என் பின்னால் நின்றவரை அவன் கவனிக்கவில்லை.

நான் வாங்கிக்கொண்டேன். ஒரு கை நெல் அள்ளினேன். குத்தகைக்காரர் வரிசையின் ஓரத்தில், தான் எப்போதும் நின்ற இடத்தில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஏர் இல்லை.

"புளியடி வயல்" என்றேன். "இவருதான் அத உழுதாரு. வருசா வருசம் நான் இவருக்கு வெதநெல்லுதான் குடுத்தேன். விசாரணையில நெனைவில்லன்னு சொன்னது பொய்."

"சத்தமாச் சொல்லுங்க வாத்தியாரே" என்றார் அவர். "எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் மறுபடி சொன்னேன், கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருந்த டிராக்டரை யாரோ நிறுத்தினார்கள்.

"அண்ணே, தட்டக் கீழ வைங்க" என்றான் சித்தப்பா மகன். ஒரு பெண், "வாத்தியாருக்கு வெயிலு ஏறிடுச்சு, யாராச்சும் மோர் குடுங்கப்பா" என்றாள். சிலர் சிரித்தார்கள். பிறகு மாட்டு ஜோடியின் பக்கத்திலிருந்து ஒரு முதியவர், முன்பு எங்கள் பண்ணையில் கூலிக்கு உழுதவர், மெதுவாகச் சொன்னார்: "வெதநெல்லுதான். நான் பக்கத்து ஏருல நின்னேன். எனக்கு வெத்தல." அவரை விசாரணையன்று யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது.

குத்தகைக்காரர் துண்டை ஏந்தினார். நெல்லைப் போட்டேன், கொஞ்சம் கீழே சிந்தியது. அவர் குனிந்து அதையும் பொறுக்கித் துண்டில் சேர்த்துக்கொண்டார். பிறகு துண்டைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தாம்பாளத்திலேயே கொட்டினார்.

"வெதநெல்லு வீணாவக் கூடாது. நெலம் இருக்கறவனுக்குக் குடுங்க" என்றார்.

அதன் பிறகு சித்தப்பா மகன் என்னோடு பேசவில்லை. அவன் வீட்டுக் கல்யாணங்களுக்கு அழைப்பு வரவில்லை. எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. புளியடி வயல் அவனிடம்தான் இருந்தது. பின்னாளில் அவன் அதை விற்றான், வாங்கியவர் வெளியூர்க்காரர். நான் செய்ததால் ஒரு மரக்கால் நெல்கூட யாருக்கும் கூடுதலாகப் போகவில்லை.

அன்று திரும்பும் பேருந்தில் நாங்கள் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "நெனைவிருந்துச்சுல்ல. பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

நம் வசம் உள்ளது, இல்லாதது என்று தொடங்கப் போனேன். வாய் திறந்தும்விட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். அந்த வீட்டுச் சாப்பாடு, சித்தப்பாவின் முகம், அந்தத் தயிர், எல்லாம் வந்து போயின.

"பயந்துட்டேன்" என்றேன். அதுவரை அந்தச் சொல்லை எனக்குள்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அத அன்னைக்கு சாயங்காலமே வந்து சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். நானும் ஒங்க சித்தப்பாவுக்குப் பயந்தவந்தானே."

நாகூரில் அவர் இறங்கும்போது நான் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்து இறங்கினார். கீழே நின்று, "வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.